கிழக்கு மேற்கு ஷெட், மேல்காற்று, நடுங்கும் குட்டிகள்

ஜூலை 2, பல்லடம் பக்கத்திலிருந்து வந்த கேள்வி

"வெண்பன்றி ஷெட் என்றால் கிழக்கு மேற்காகத்தான் போட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படியே போட்டேன். 100 அடி நீளம், 25 அடி அகலம், சுற்றிலும் 3½ அடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, சிமெண்ட் ஷீட் கூரை. ஆனி பிறந்ததிலிருந்து மேற்குக் கோடி அறைகளில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கின்றன. கிழக்குக் கோடியில் நுழைந்தால் கண் எரிகிறது. ஒரே ஷெட்டில் இரண்டு தொந்தரவு. எனக்குக் காற்று அதிகமா, குறைவா?"

ஜூலை 2, இரவு

இரண்டும்தான். மேற்கில் அதிகம், கிழக்கில் குறைவு.

கிழக்கு மேற்கு என்பது வெயிலுக்காகச் சொன்ன விதி. நீளவாக்குச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான இரண்டு முகப்பில் மட்டும் விழும். விதி சரியானதுதான். ஆனால் அதே விதியின் இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை: வழக்கமாக வீசும் காற்று நீளவாக்குச் சுவரில் மோத வேண்டும். ஒரு பக்கம் நுழைந்து 25 அடியைக் கடந்து மறுபக்கம் வெளியேறினால் எல்லா அறைக்கும் புதுக்காற்று.

நம் பக்கம் அது நடக்காது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பாலக்காட்டுக் கணவாயில் நெருங்கிப் புகுந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று நேராக வருகிறது. காற்றாலைக்காரர்கள் இங்கே வந்து குவிந்ததே அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்கு வருவது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. அது உங்கள் ஷெட்டின் முகப்பில் மோதி 100 அடி நீளத்துக்கு ஓடப் பார்க்கிறது. முதல் அறை காற்றின் முழு வேகத்தையும் வாங்குகிறது. கடைசி அறைக்கு மிஞ்சுவது முன்னால் உள்ள அத்தனை அறைகளின் மூச்சும் மூத்திர வாடையும்.

வெயிலும் காற்றும் ஒரே கோட்டில் வருகிற ஊர் இது. இந்தக் கேள்வி பதில் இழையில் நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் கிளம்பும்.

ஜூலை 3

உங்கள் மொபைலில் காட்டும் காற்று வேகம் திறந்த வெளியில் உயரத்தில் இருப்பது. நீங்கள் நின்றுகொண்டு முகத்தில் உணர்வது ஐந்தடி உயரத்துக் காற்று. பன்றி படுத்திருப்பது தரையில். அங்கே போய்ப் பாருங்கள்.

ஊதுபத்தி ஒன்று போதும். ஒவ்வோர் அறையிலும் குத்தவைத்து உட்கார்ந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, நேராகப் போகிறதா சுருண்டு திரும்புகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுவர் உயரத்தில் ஒரு முறை. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. என் ஷெட்டில் முதல் குறுக்குச் சுவருக்குப் பின்னால் மேலே புகை கிழக்கே ஓடும், தரையில் அதே நேரம் மேற்கே வரும். சுவரைத் தாண்டிய காற்று கீழே இறங்கிச் சுழன்று திரும்புவதுதான் காரணம். அந்தச் சுழலுக்குள் படுக்கும் குட்டிக்கு முதுகில் குளிர், மூக்கில் பழைய காற்று.

மாலை மூன்று, நான்கு மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை பாருங்கள். பகலில் காற்று பலமாக இருந்தாலும் சூடு இருக்கும். குட்டியை வாட்டுவது ராத்திரி.

ஜூலை 3, சற்று நேரம் கழித்து

கண் எரிச்சல் பற்றி. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா 25 பிபிஎம்-க்கு (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) மேல் போகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு. 10-க்குள் இருந்தால் நல்லது. கண் எரிகிறது என்றால் அளவு ஏற்கெனவே கூடிவிட்டது. தினமும் உள்ளே போகிறவர் மூக்கை நம்ப முடியாது, சில நிமிடத்திலேயே அது பழகிவிடும். தீவனம் இறக்க வருகிறவரை உள்ளே கூப்பிட்டு, பன்றியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு விடச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் அளவு தெரிந்துவிடும். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்து அறைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டால், எந்த அறையில் சீக்கிரம் நீலமாகிறது என்பதும் தெரியும்.

ஜூலை 5

சாணத்தைப் பாருங்கள். பன்றி தான் படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பிராணி. ஈரமும் குளிர்காற்றும் உள்ள மூலையில் சாணம் போடும், கதகதப்பான உலர்ந்த மூலையில் படுக்கும். நேற்றுவரை கிழக்கு மூலையில் சாணம் போட்ட கூட்டம் இன்று மேற்கு மூலைக்கு மாறினால், மேற்கு மூலையில் புதிதாகக் காற்று நுழைகிறது என்று பொருள். கோடையில் கணக்கு தலைகீழ்: சூடு தாங்காமல் ஈரத்திலேயே படுக்கும், உலர்ந்த இடத்தில் சாணம் போடும். அப்போது அதை அழுக்குப் பிராணி என்று திட்டுவது அநியாயம். வியர்த்துச் சூட்டை இறக்க அதற்கு வழியில்லை.

படுக்கும் விதமும் அப்படித்தான். காலை நீட்டிப் பக்கவாட்டில், ஒன்றை ஒன்று லேசாகத் தொட்டபடி படுத்தால் சௌகரியம். காலை மடக்கி வயிற்றின்மேல் படுத்தால் குளிர் தட்டுகிறது. ஒன்றன்மேல் ஒன்று என்றால் நன்றாகவே நடுங்குகிறது. ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு விளக்கைப் போடாமல், சுவருக்கு வெளியே நின்று டார்ச்சை ஒரு நொடி அடித்துப் பாருங்கள். உள்ளே போனால் எழுந்துவிடும், பார்க்க வந்தது போய்விடும்.

ஜூலை 9

பல்லடத்துக்காரர் நேற்று எழுதியிருக்கிறார். ஒருவர் சொன்னதைக் கேட்டு மேற்கு முகப்பைத் தார்ப்பாய் போட்டு அடியிலிருந்து கூரை வரை முழுசாக அடைத்தாராம். குட்டிகள் கொஞ்சம் தேவலை. "ஆனால் ஊதுபத்திப் புகை இப்போது கிழக்கிலிருந்து மேற்கே வருகிறது. வெளியே மேல்காற்று, உள்ளே கீழ்க்காற்று. இது எப்படி?"

நல்ல கவனிப்பு. இதை எழுதத்தான் காத்திருந்தேன்.

முகப்பு அடைபட்டதும் காற்று இரண்டாகப் பிரிந்து மூலைகளில் வேகமெடுத்துச் சுற்றிப் போகிறது. அப்படி வளையும்போது வடக்கு, தெற்குச் சுவர்களின் மேற்குக் கோடியில் சுவரை விட்டு விலகிவிடும். அந்த இடத்தில் உறிஞ்சல் அதிகம். கிழக்கே போகப் போக உறிஞ்சல் குறையும். ஆகவே மேற்குக் கோடித் திறப்புகள் உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கின்றன, அதை ஈடுகட்ட கிழக்குப் பக்கத் திறப்புகளில் காற்று நுழைகிறது. உள்ளே ஓட்டம் தலைகீழாகிறது. இதில் கெட்ட விஷயம், உங்கள் கெட்ட காற்று இப்போது குட்டிகள் இருக்கும் கோடியை நோக்கி வருகிறது. கிழக்கில் எரிச்சல் குறைந்ததா என்று பாருங்கள், குறைந்திருக்கும். மேற்கில் கூடியிருக்கும்.

அடைப்பது தீர்வு இல்லை, வடிகட்டுவதுதான் தீர்வு. பாதிக்குப் பாதி ஓட்டை உள்ள தடுப்பு, அதாவது 50 சதவீத நிழல்வலை, கெட்டிச் சுவரைவிட நல்ல காற்றுத் தடுப்பு. கெட்டிச் சுவருக்குப் பின்னால் காற்று சுழலும். ஓட்டையுள்ள தடுப்புக்குப் பின்னால் வேகம் குறைந்து அமைதியாக நகரும். முகப்பின் மேல்பாதிக்கு நிழல்வலை போட்டு, சுவருக்கு ஒட்டிய கீழ் இரண்டடியை மட்டும் அடையுங்கள்.

ஜூலை 10

தார்ப்பாய் கட்டும் விதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்துப் பண்ணையில் ஒன்பதில் ஒரே மாதிரி கட்டுகிறார்கள். மேலே கூரையில் கட்டித் தொங்கவிட்டு, காற்று வேண்டும்போது கீழிருந்து சுருட்டித் தூக்குகிறார்கள். முதலில் திறப்பது சுவருக்கு ஒட்டிய இடம். காற்று அங்கிருந்து நேரே குட்டியின் முதுகில் இறங்கும்.

அடியைச் சுவரோடு இறுக்கிக் கட்டுங்கள். மேல் விளிம்பைக் கயிற்றில் கோத்து, உருளை வைத்து மேலிருந்து கீழே இறக்குகிற மாதிரி செய்யுங்கள். அப்போது முதலில் திறப்பது கூரைக்குக் கீழே உள்ள இடைவெளி. காற்று தலைக்கு மேல் நுழைந்து, உள்ளே இருக்கும் சூட்டோடு கலந்து, வேகம் தணிந்த பிறகுதான் தரைக்கு வரும். செலவு என்றால் கயிறும் உருளையும்தான். நான் இந்தப் பண்ணையில் செய்த மாற்றங்களில் குட்டிகளுக்கு அதிகம் உதவியது இதுதான் என்று நம்புகிறேன்.

ஒன்று மட்டும்: ஆடி மாதக் காற்றில் தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் ராத்திரி முழுக்கப் படபடக்கும். தாய்ப்பன்றி தூங்காது, பாலுக்குப் படுப்பதும் எழுவதுமாக இருக்கும், அந்த எழுந்து படுப்பில்தான் குட்டி நசுங்கும். நடுவில் இரண்டு குறுக்குக் கயிறு போட்டு அமுக்குங்கள்.

ஜூலை 16

ஈனும் அறை பற்றிக் கேட்டவருக்கு. பிறந்த குட்டிக்கு 32 முதல் 35 டிகிரி வேண்டும். தாய்க்கு 18 முதல் 22 டிகிரி இருந்தால் நிம்மதி, 25-க்கு மேல் போனால் தீனி குறையும், தீனி குறைந்தால் பால் குறையும். ஒரே அறைக்குள் இரண்டு சீதோஷ்ணம் வேண்டும். குட்டி ஈரத்தோடு பிறக்கிறது, உடம்பில் சூடு உண்டாக்கும் கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அந்த ஈரத்தின்மேல் காற்று பட்டால் முதல் ஒரு மணி நேரத்திலேயே துவண்டுவிடும். துவண்ட குட்டி காம்பைப் பிடிக்காது, தாயின் உடம்புச் சூட்டைத் தேடி ஒட்டிக்கொண்டு படுத்து நசுங்கிப்போகும். "தாய் நசுக்கியது" என்று நோட்டில் எழுதுகிற சாவுகளில் நிறைய உண்மையில் காற்று கொன்றவை.

குட்டிப் பெட்டிக்கு மூடி கட்டாயம். மூடி இல்லாமல் பல்பு மட்டும் தொங்கவிட்டால், மேல்காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும், கரண்ட் பில் மட்டும் மிச்சம். பெட்டியின் வாசல் காற்றுக்கு முதுகு காட்டி இருக்கட்டும். இப்போது என்றால் கிழக்கே பார்த்து. தரையில் சாக்கு, அதன்மேல் உலர்ந்த வைக்கோல். வெறும் சிமெண்ட் தரை அடியிலிருந்து சூட்டை உறிஞ்சும்.

ஆடி, ஆவணியில் ஈனும் அறையைத் தினமும் ஹோஸ் போட்டுக் கழுவ வேண்டாம். வாரி எடுத்து, சுண்ணாம்பு தூவி, உலர விடுங்கள். நனைந்த தரைமேல் காற்று ஓடினால் குளிரும் கூடும், மூத்திரத்திலிருந்து அம்மோனியாவும் அதிகமாகக் கிளம்பும்.

ஜூலை 17

விட்டுப்போனது: வடிகால் ஓட்டை. மேற்குச் சுவரின் அடியில் ஆறு அங்குலக் குழாய் வைத்திருப்பீர்கள். எல்லாத் திறப்பையும் சரிசெய்த பிறகும் குட்டி நடுங்கினால் அங்கே ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். தரைமட்டத்தில், குட்டியின் மூக்குக்கு நேராக, வெளியே உள்ள சாணக்குழியின் வாடையோடு பீய்ச்சிக்கொண்டிருக்கும். ரப்பர் டியூப்பை வெட்டி ஒரு மடல் தொங்கவிட்டால் தண்ணீர் தள்ளித் திறக்கும், காற்று தள்ளி மூடும்.

ஜூலை 28

கிழக்கு மூலை வாடையைப் போக்க "எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா, மேற்குச் சுவரில் இடம் இருக்கிறது" என்று ஒருவர் கேட்கிறார். மேற்கில் வேண்டாம்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று சுவரில் ஏறக்குறைய 15 பாஸ்கல் அழுத்தும். 36 கிலோமீட்டர் ஆனால் 30 அல்ல, 60. கொட்டகைகளில் மாட்டும் ஃபேன் வேலை செய்வது பொதுவாக 12 முதல் 30 பாஸ்கலுக்குள். ஆடியில் மேற்கு நோக்கி ஊதும் ஃபேன் இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று வெளியே போகாது, சில சமயம் ஃபேனைத் தாண்டி உள்ளேயே வரும். மோட்டார் சூடேறி எரிந்துபோனதையும் பார்த்திருக்கிறேன்.

கிழக்குச் சுவரில் போட்டால் இப்போது காற்றே உதவும். ஆனால் ஐப்பசியில் காற்று திரும்பும்போது இதே கதை அங்கே நடக்கும். நம் ஊரில் ஃபேனுக்கு ஏற்ற சுவர் வடக்கு அல்லது தெற்கு, கிழக்குக் கோடிக்குப் பக்கத்தில். வெளியே கீழ்நோக்கித் திரும்பிய ஒரு தகர முகமூடியும் வைக்க வேண்டும்.

சாணக்குழிக்கும் இதே யோசனைதான். வருஷத்தில் பெரும்பங்கு காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்தும், மழைக்காலத்தில் கிழக்கு, வடகிழக்கிலிருந்தும் வருகிறது. இந்தக் கோட்டிலிருந்து விலகிய மூலைகள் வடமேற்கும் தென்கிழக்கும். குழியை அங்கே கொண்டுபோனால் இரண்டு பருவத்திலும் வாடை ஷெட்டுக்குள் வராது.

ஆகஸ்ட் 13

"ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காற்றில் வருமா?" 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்ததிலிருந்து இந்தப் பயம் இருக்கிறது. மேல்காற்று காட்டிலிருந்து வருகிறதே என்று நினைப்பார்கள்.

அந்த நோய் பண்ணை விட்டுப் பண்ணை தாண்டுவது பன்றி, இறைச்சி, ஹோட்டல் கழிவு, வண்டி, செருப்பு, கறி வெட்டிய கத்தி வழியாக. காற்றுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, கழிவை வேகவைக்காமல் ஊற்றினால் ஒரு பாதுகாப்பும் இல்லை. நன்றாகக் கொதிக்க வையுங்கள், வெளியாள் வண்டியை வாசலிலேயே நிறுத்துங்கள்.

காற்றில் போகும் நோய் வேறு உண்டு. கோமாரி. அதில் பன்றிதான் மோசமான ஊற்று, மூச்சில் மாட்டைவிடப் பல மடங்கு கிருமியை வெளியே விடும். மாடுதான் அதைச் சுலபமாக வாங்கிக்கொள்ளும். 1981 மார்ச்சில் பிரான்சின் பிரிட்டனி கரையில் பன்றிகளுக்கு வந்த கோமாரி கடலைத் தாண்டிக் காற்றிலேயே ஜெர்சி தீவுக்கும், 250 கிலோமீட்டருக்கு அப்பால் இங்கிலாந்தை ஒட்டிய வைட் தீவுக்கும் போய் மாடுகளைப் பிடித்தது. குளிர்ந்த ஈரக்காற்று, தடையில்லாத கடல் என்று எல்லாம் கூடிவந்த சந்தர்ப்பம் அது, நம் வெயிலில் அவ்வளவு தூரம் தாங்காது. ஆனாலும் ஷெட்டுக்குக் கிழக்கே ஐம்பது அடியில் மாட்டுக் கட்டுத்தரை வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும். மாட்டுக்கு ஊசி போட வரும்போது பன்றிக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

அக்டோபர் 24

காற்றாலைகள் முகம் திருப்பிவிட்டன. நான் இதைத்தான் நாள்காட்டியாக வைத்திருக்கிறேன். விசிறி முகம் எங்கே பார்க்கிறதோ அங்கிருந்துதான் காற்று. நான்கு மாதம் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தவை இப்போது ஒரு நாள் கிழக்கு, ஒரு நாள் வடகிழக்கு என்று தடுமாறுகின்றன.

இனி கிழக்குக் கோடிதான் முன்வாசல். இந்தக் காற்றுக்கு மேல்காற்றின் வேகம் இல்லை, ஆனால் மழையோடு வருகிறது. தூவானம் கம்பி வலை வழியாக ஆறேழு அடி உள்ளே அடிக்கும். நேற்று ராத்திரி என் கிழக்கு அறையில் வைக்கோலை அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற நிலை. குட்டிகளின் பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருந்தது. காற்று லேசாகத்தான் இருந்தது, ஈரம் போதும்.

ஜூலையில் மேற்கே கட்டியதைக் கழற்றிக் கிழக்கே கட்டுங்கள். குட்டிப் பெட்டியின் வாசலையும் திருப்புங்கள். பெட்டியைத் தரையோடு பூசிவிட்டவர்களுக்கு இதுதான் சிக்கல், தூக்கி வைக்கிற மாதிரி பலகையில் செய்வது உத்தமம். கூரை விளிம்பை மூன்று, நான்கடி வெளியே நீட்டினால் பாதித் தூவானம் உள்ளே வராது.

ஜூலை 16 குறிப்பில் கழுவ வேண்டாம் என்றேன். இந்தப் பருவத்துக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். காற்றிலேயே ஈரம் இருப்பதால், மாலையில் நனைந்த தரை காலைவரை உலராது.

ஜனவரி 19

அக்கம்பக்கத்துப் புகார் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். கவனித்தீர்களா, ஆடியில் யாரும் வந்து சண்டை போடுவதில்லை. காற்று அடித்துக் கலைத்துவிடுகிறது. புகார் வருவது தை, மாசி மாதத்து விடியற்காலையில். காற்று அசையாத குளிர்ந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மேலே ஏறாமல் அப்படியே தேங்கி நிற்கும், பள்ளமான பக்கம் மெதுவாக வழியும். காற்றுத் திசையைப் பார்த்து ஷெட் போட்டவர்கள்கூட நிலத்தின் சரிவைப் பார்ப்பதில்லை. உங்கள் நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்து வீட்டுக்குத்தான் விடியற்காலை வாடை போகும்.

சாணக்குழியைக் கிளறுவது, உரத்துக்கு அள்ளுவது எல்லாம் வெயில் ஏறிப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தரை சூடாகிக் காற்று எழும்பிவிடும். மூடிய குழியாக இருந்தால் கிளறும்போது யாரும் உள்ளே இறங்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தங்கும், மூக்கை மரக்கச் செய்து ஆளை விழுத்திவிடும். காற்று வீசாத நாளில் இந்த வேலையே வேண்டாம்.

மார்ச் 21

இப்போது எல்லாரும் எதிர்க் கேள்வி கேட்கிறார்கள். காற்றே இல்லை, பன்றி மூச்சு வாங்குகிறது, என்ன செய்ய?

கட்டிய எல்லாவற்றையும் கழற்றுங்கள். நிழல்வலை, தார்ப்பாய், கிழக்கு மேற்கு இரண்டும். பங்குனி, சித்திரையில் தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

கூரை முகட்டில் திறப்பு வைத்தால் சூடு தானாக மேலே போகும் என்று சொல்வார்கள். உள்ளே வெளியே வித்தியாசம் இருந்தால்தான் அது இழுக்கும். வெளியே 38, உள்ளே 40 என்றால் இழுப்பு சொற்பம். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, லேசான காற்று கூரைமேல் போனாலே முகட்டில் உறிஞ்சல் உண்டாகும், அதற்கு உதவும். ஆனால் அதையே நம்பி இருக்க முடியாது.

வெறும் ஃபேனும் போதாது. வெளிக்காற்று பன்றியின் தோல் சூட்டை நெருங்கிவிட்டால் அதை எவ்வளவு ஊதினாலும் சூடு இறங்காது. தோலை நனைத்துவிட்டு ஊத வேண்டும். வளரும் பன்றிகளுக்கு அவ்வப்போது தெளிப்பு, நடுவில் உலர இடைவெளி. பால் கொடுக்கும் தாய்க்குக் கழுத்தில் மட்டும் சொட்டுவிடுங்கள், சொட்டுநீர்க் குழாயே போதும். குட்டி நனையாது. கூரைமேல் தென்னங்கீற்று போட்டு மாலையில் நனைப்பதும் நல்லது, ஷீட் கக்கும் சூடு குறையும்.

ஏப்ரல் 6

மரம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. "மேற்கே தென்னந்தோப்பு இருக்கிறதே, அது தடுக்காதா?" என்றார் பொள்ளாச்சி நண்பர். தென்னை மேலேதான் தடுக்கும். கீழே வெறும் தண்டு, காற்று அடியில் நுழைந்து வேகமாகவே வரும். தோப்புக்கு மேற்கு வரப்பில் கிளுவை வேலி இருந்தால் கதையே வேறு. அடர்ந்த கிளுவையும் பின்னால் ஒரு வரிசை சவுக்கும் சேர்ந்தால், வேலி உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் குறைந்திருக்கும். ஷெட்டுக்கு ஒட்டி நடாதீர்கள், கோடையில் மூச்சு முட்டும்.

ஏப்ரல் 18

பல்லடத்துக்காரர் இரண்டாவது ஷெட் போடப்போகிறாராம். "இதையும் கிழக்கு மேற்காகவா?"

வருஷம் முழுக்க எழுதியதை வைத்து யோசித்தால் என் பதில்: இல்லை, கொஞ்சம் திருப்புங்கள். மேற்குக் கோடியை வடக்கே 20 டிகிரி தள்ளுங்கள், கிழக்குக் கோடி தெற்கே இறங்கும்.

காற்றுக்கு இதில் என்ன லாபம் என்றால், மேற்கு, தென்மேற்கு மேல்காற்று இனி முகப்பில் மோதாமல் தெற்கு நீளச்சுவரில் சாய்வாக மோதும். மழைக்காலத்து வடகிழக்குக் காற்று வடக்கு நீளச்சுவரில் மோதும். இரண்டு பருவத்திலும் குறுக்கே கடக்கும். சாய்வான காற்று நேர்க்காற்று அளவுக்கு உள்ளே வராதுதான். திறப்பின் பரப்பைக் காற்றின் வேகத்தால் பெருக்கி வரும் அளவில், நேராக மோதும்போது 0.5 முதல் 0.6 பங்கு உள்ளே வரும், சாய்வாக மோதும்போது 0.25 முதல் 0.35 பங்குதான். ஆனால் நமக்கு இருப்பது கணவாய்க் காற்று. அந்தப் பங்கே தாராளம், சாய்வாக வருவதால் அடியும் குறைவு.

வெயில் கெட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். மே மாதத்தில் சூரியன் மறைவது நேர் மேற்கில் இல்லை, வடக்கே 20 டிகிரி தள்ளி. அதாவது இப்படித் திருப்பிய ஷெட்டின் முகப்புக்கு நேராக. வருஷத்திலேயே கொடிய அந்த மாலை வெயில் நீளச்சுவர் இரண்டையும் தொடாமல் குறுகிய முகப்பில் மட்டும் விழும். கோடையில் வடக்குப் பக்கம் காலை இளவெயில் கொஞ்சம் விழும். மார்கழியில் தெற்குப் பக்கம் மாலை வெயில் உள்ளே வரும். மார்கழி வெயிலுக்குப் பன்றியும் ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது ஷெட்டை முதல் ஷெட்டுக்கு நேர் கிழக்கே மட்டும் போடாதீர்கள். அது கழித்த காற்றை இது குடிக்கும். கூரை உயரம் 4 மீட்டர் என்றால் அதன் பின்னால் 20 முதல் 40 மீட்டர் வரை காற்று கலங்கியே இருக்கும். வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போடுங்கள்.

டிகிரி அளக்கக் கருவி தேவையில்லை. மே கடைசி வாரத்தில் ஒரு மாலை நிலத்தில் நின்று, சூரியன் இறங்கும் இடத்துக்கு நேராக இரண்டு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். அந்தக் கயிற்றுக்கு இணையாக மேஸ்திரியை அஸ்திவாரம் தோண்டச் சொல்லுங்கள். மழை பிடிப்பதற்குள் சுவர் எழும்பிவிடும்.